கோட்டுப் பைக்குள் ஒரு தேசிக்காய்

எலுமிச்சைக் கூடையிலிருந்து ஒரு தேசிக்காயை எடுத்து, பெருவிரல் நகத்தால் மெல்லக் கீறி, மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடுகிறார் வாமதேவன். பிடிக்கவில்லை. கூடைக்குள் திரும்பப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறார். பிரெஞ்சுத் தலைநகரில், ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவின் வடக்கு முனையில் ஒரு மரக்கறிக் கடை, வியாழக்கிழமை பின்னேரம். அவருக்குப் பின்னால் ஆறு பேர் வரிசையில் நிற்கிறோம். நான் ஆறாவது ஆள்.

"என்ன அண்ணை, நாளைக்கு ஹொலண்டோ?" என்று கடைக்காரி கேட்கிறார்.

"ஓம் பிள்ளை. ரெண்டு காணும். ஆனா வாடலைத் தந்திடாதை."

வாமதேவன் நாளைக்கு ஆம்ஸ்டர்டாம் போகிறார், அங்கே கஞ்சா விற்கும் கோப்பிக் கடை ஒன்றில் பின்னேரம் முழுவதும் குந்தியிருக்கப் போகிறார் என்பது வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கோயிலுக்குப் போகிறவர் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவர், "என்ரை பங்குக்கும் கொஞ்ச நேரம் இருந்திட்டு வாங்கோ" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

இதை எழுதும் நான் இராஜதுரை. பொபினியில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் சங்கத் தலைவர். பத்து வருடமாக இந்த இதழின் இதே பக்கத்தில் மனிதர்களைப் பற்றி எழுதி வருகிறேன். வாமதேவனை மட்டும் எழுதாமல் தள்ளிப்போட்டேன். பொறாமைதான் காரணம், வேறொன்றுமில்லை.

வாமதேவனுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவ உள்ளே போனவர், இப்போது அங்கே சோஸ் செய்கிற ஆள். முதலாளி மீன் வாங்கினால் பெட்டியை முதலில் இவரிடம்தான் கொண்டுவருவாராம். இவர் மணந்துவிட்டுத் தலையை ஆட்டினால் மீன் உள்ளே போகும், ஆட்டாவிட்டால் வந்த வண்டியிலேயே திரும்பும். அந்த மூக்கைப் பாதுகாப்பதற்காகப் பீடி, சிகரெட் எதையும் தொட்டதில்லை. ஆம்ஸ்டர்டாமிலும் புகைப்பதில்லை. கேக்தான், அதிலும் பாதி.

வருடத்தில் நான்கு வெள்ளிக்கிழமைகளுக்கு லீவு எடுப்பார். வெள்ளியென்றால் அவர் வீட்டில் மச்சம் இல்லை, மீனோ இறைச்சியோ அடுப்பில் ஏறாது. மனைவி மரியகொறற்றி வேதக்காரி, கத்தோலிக்கம்; இவர் சைவம். கலியாணத்தின்போது இரண்டு பக்கத்தாரும் ஒத்துக்கொண்ட ஒரேயொரு விடயம் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு என்று கொறற்றி சொல்வார். ஆனால் முட்டையில் பிணக்கு வந்தது. வெள்ளியில் கொறற்றிக்கு முட்டை ஆகும், வாமதேவனுக்கு ஆகாது. முப்பது வருடமாகியும் அது தீரவில்லை.

ஆகவே முதல்முறை அந்தக் கோப்பிக் கடையில் கேக்கைக் கண்டதும் வாமதேவன் கேட்ட கேள்வி, இதில் முட்டை போட்டிருக்கிறதா என்பது. காசாளராக நின்ற ஷார்லோத் என்ற பெண் பெல்ஜியத்துக்காரி, பிரெஞ்சு தெரிந்தவள். எவ்வளவு வெறிக்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று கேட்கிறவர்களைத்தான் அவளுக்குப் பழக்கம். விரதக்காரர் ஒருவர் கஞ்சாக் கேக்கில் முட்டையைப் பற்றி விசாரித்தது அவளுக்கு அதுதான் முதல்தடவை. உள்ளே போய் முட்டையில்லாத ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள்.

"வேகன் எண்டு ஒரு கூட்டம் இருக்காம்," என்று ரூ பிலிப்-து-ஜிராரில் உள்ள தேநீர்க் கடையில் இந்தக் கதையை வாமதேவன் சொன்னபோது நான் அங்கே இருந்தேன். "எங்களுக்கு வெள்ளியும் செவ்வாயும். அவைக்குக் கிழமை முழுக்க விரதம். நாங்கள் பெரிய சைவக்காரர் எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறம்!"

"அப்ப கஞ்சா, அண்ணை?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது இலைதானே. அதிலை என்ன மச்சம் கிடக்கு?"

கடை அதிரச் சிரிப்பு. அன்று என் கட்டுரை வந்த இதழ் என் கையில் இருந்தது. இரண்டு பந்தி வாசித்துக் காட்டியிருந்தேன். ஒருவர் நடுவில் எழுந்து தொலைபேசியில் கதைக்கப் போனார். வாமதேவன் உள்ளே வந்ததும் அதே மனிதர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். எழுதுகிறவன் நான், கேட்க ஆள் இருப்பது அவருக்கு.

அவருடைய பயணத்துக்கு ஒழுங்குகள் உண்டு. காலை பஸ். கொறற்றி கட்டிக் கொடுத்த பிட்டும் சம்பலும். கோட்டுப் பைக்குள் இரண்டு தேசிக்காய். யாருக்காவது தலை சுற்றினால் வெட்டி உச்சியில் தேய்ப்பதற்கு. "பித்தம் எண்டா எல்லாம் ஒண்டுதான். இஞ்சத்தைப் பித்தம், அங்கத்தைப் பித்தம் எண்டு இல்லை." வாசலில் நிற்கிறவன் வயதைப் பார்க்க அடையாள அட்டை கேட்பான். பதினெட்டுக்குக் குறைந்தவர்களை விடமாட்டார்கள். அட்டையை நீட்டும்போது வாமதேவனுக்கு ஒரே புளுகம், அவ்வளவு சந்தோசம். "என்ரை வயசிலை சந்தேகப்படுற ஒரே இடம் அதுதான்." திரும்பி வரும்போது பஸ் தரிப்பிடத்தில் பைகளை வெளியே இழுத்து உதறுவார், ஒரு துகள் இருக்கக்கூடாது. அங்கே சட்டம் கண்டும் காணாமலும் விடுவதை இங்கே விடாது. இங்கே இருப்பதற்குத் தந்த பேப்பர் விடயத்தில் விளையாடக்கூடாது என்பார்.

அப்படியென்ன அங்கே இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"குசினிக்குள்ளை இருபத்தேழு வருசமா 'வித், வித்' எண்டு கத்துறாங்கள், கெதியா கெதியா எண்டு. அங்கை யன்னலுக்குப் பக்கத்திலை இருப்பன். முன்னாலை வாய்க்கால். வள்ளம் ஒண்டு போகும், பிறகு இன்னொண்டு வரும். மூண்டு மணித்தியாலம் ஒருத்தரும் என்னை எழும்பச் சொல்லமாட்டினம்."

அந்த மூன்று மணித்தியாலம் எனக்கும் வேண்டும் என்று தோன்றியது. அதைவிட, அதைச் சொல்லிவிட்டுப் போகிற அந்தத் தைரியம் வேண்டும் என்று தோன்றியது. கொறற்றியிடம், உங்களுக்குக் கோபம் வருவதில்லையா என்று நான் கேட்டிருக்கிறேன். "ஒளிச்சுப் போறவருக்குத்தான் பிட்டுக் கட்டிக் குடுக்க ஏலாது," என்றார். என் மனைவி சாரதாதேவி பக்கத்தில் நின்று அதைக் கேட்டு ரசித்துச் சிரித்தாள். என் கட்டுரை எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஒரு நவம்பர் வெள்ளிக்கிழமை, அலுவலகம் என்னை லீல் நகரத்துக்கு இரண்டு நாள் ஃபோர்மாசியோனுக்கு அனுப்புகிறது என்று சாரதாவிடம் சொன்னேன். அப்படி ஒரு பயிற்சியும் இல்லை. கழுத்துப்பட்டி கட்டி, அலுவலகப் பையைத் தூக்கிக்கொண்டு ஆம்ஸ்டர்டாம் ரயிலில் ஏறினேன். வாமதேவன் சொன்ன வாய்க்காலைத் தேடிப் பிடித்து, அவர் சொன்ன கடைக்குள் நுழைந்து, அவர் சொன்ன யன்னலோரத்தில் அவருடைய கதிரையிலேயே குந்தினேன். அவர் போன மாதம்தான் போய் வந்தவர், இப்போதைக்கு வரமாட்டார் என்பது என் கணக்கு.

ஷார்லோத் கேக்கை வைத்து, பாதி போதும், ஒரு மணித்தியாலம் பொறுங்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். வாமதேவன் பாதி சாப்பிடுகிறவர். அதனால் நான் முழுவதையும் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் பாதி எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். சுற்றியிருந்த முகங்கள் எல்லாம் பெற்றோர் சங்க உறுப்பினர்களின் முகங்களாக மாறியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஆண்டு விழா முடிகிறது, நான் இன்னும் நன்றியுரை சொல்லவில்லை என்று ஒரே பதற்றம். எழுந்து நின்றேன். "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே" என்று தொடங்கி, மண்டபம் தந்தவர்களுக்கும், ஒலிபெருக்கிக்காரருக்கும், வடை சுட்ட தாய்மாருக்கும் சுத்தத் தமிழில் நன்றி கூறினேன். ஸ்பெயினிலிருந்து வந்த சுற்றுலாக்காரர் சிலர் மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

வாமதேவன் உள்ளே வந்தது அந்த வேளையில். உணவகத்தைத் திருத்த வேலைக்காகப் பூட்டியிருந்தார்கள், எதிர்பாராத லீவு. வாசலில் நின்று என் பேச்சை முடிக்கவிட்டார். முடிந்ததும் கை தட்டினார். பிறகு வந்து தோளைப் பிடித்து, "நல்லாப் பேசினீங்கள் ராசதுரையண்ணை, இப்ப இருங்கோ" என்று என்னைக் கதிரையில் இருத்தினார்.

ஷார்லோத்திடம் கத்தி வாங்கித் தேசிக்காயை வெட்டி என் உச்சியில் தேய்க்கத் தொடங்கினார். ஒரு காய் முடிய மற்றக் காய். நான் அழுதேனாம், சாரதாவிடம் லீல் என்று பொய் சொல்லி வந்ததை உளறினேனாம், சாகப்போகிறேன் என்றேனாம். "சாகமாட்டியள். இது வந்தமாதிரிப் போயிடும்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தது காதில் விழுந்தது. சீனி கூடப் போட்ட தேத்தண்ணீர் பருக்கினார். கொறற்றியின் பிட்டை உருண்டை பிடித்து என் கையில் தந்தார். தனக்கென வாங்கிய பாதிக் கேக்கைத் தொடவில்லை, ஒருவராவது தெளிவாக இருக்க வேண்டுமே என்று. அந்தப் பின்னேரம் அவர் வாய்க்காலைப் பார்க்கவேயில்லை. அவருடைய மூன்று மணித்தியாலமும் என் தலையிலேயே போனது.

மறுநாள் காலை ரயில் நிலையத்தில் என் கழுத்துப்பட்டியைச் சரிசெய்து விட்டுச் சொன்னார்: "லீல்லை மழையோ எண்டு அக்கா கேட்டா, ஓம் எண்டு சொல்லுங்கோ. அங்கை எப்பவும் மழைதான்."

சாரதா மழையைப் பற்றிக் கேட்கவில்லை. கதவைத் திறந்தவுடன், "என்ன இது, தலையெல்லாம் தேசிக்காய் மணக்குது?" என்றாள். ஹோட்டலில் வைத்திருந்த ஷாம்பு என்றேன். நல்ல ஷாம்பு போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனாள்.

அடுத்த மாதம் பள்ளி மண்டபத்தில் போதையின் தீமைகள் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். ஏற்கனவே ஒத்துக்கொண்ட பேச்சு, தட்டமுடியவில்லை. வாமதேவன் இரண்டாம் வரிசையில் இருந்தார். அவர் உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பாவது வருமென்று பார்த்துப் பார்த்தே பேச்சை மறந்தேன். வரவில்லை. முடிந்ததும் மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினார்.

எல்லாவற்றிலும் இதுதான் என்னைத் தின்கிறது. அவரிடம் உள்ள கதைகளில் ஆகச் சிறந்தது என்னுடையது. தேநீர்க் கடையில் அதை அவர் ஒருமுறை சொன்னால் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா ஷப்பல் ஒரு மாதம் சிரிக்கும். எனக்கு அப்படியொரு கதை கிடைத்திருந்தால் அடுத்த இதழிலேயே பெயரை மாற்றி எழுதியிருப்பேன். மூன்று வருடமாக அவர் வாய் திறக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையும் அவருக்கே போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் வாமதேவனும் கொறற்றியும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். சோறு பரிமாறிக்கொண்டே சாரதா சொன்னாள், சித்திரையில் ரியூலிப் பூப் பார்க்கத் தானும் கொறற்றியும் வாமதேவனோடு போகப் போவதாக. "அப்பிடியே அந்தக் கடையிலையும் ஒருக்கா இருந்து பாக்கோணும். யன்னலுக்குப் பக்கத்திலை."

"உமக்கு வெக்கமில்லையோ? ஒரு தலைவற்றை மனுசி!" என்றேன்.

"ஏன், அண்ணை போய் என்ன கெட்டுப் போனார்?" என்றவள், அகப்பையோடு வாமதேவன் பக்கம் திரும்பினாள். "அண்ணை, எங்கடை ஆக்கள் ஆரையும் அங்கை கண்டனீங்களோ?"

என் வாய்க்குள் இருந்த சோறு அப்படியே நின்றது. பள்ளி, பேச்சு, தலைவர் பதவி எதுவும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. முப்பத்தோரு வருடமாக நான் சொன்னதையெல்லாம் நம்பி வந்த ஒருத்தியின் முகம்தான் முன்னால் நின்றது.

வாமதேவன் தண்ணீர் குடித்தார். "நான் அங்கை ஆக்களைப் பாக்கிறேல்லை அக்கா. வள்ளத்தைத்தான் பாக்கிறது."

எனக்கு மூச்சு வந்தது. அத்தோடு அவர் விட்டிருக்கலாம். ஆனால் யாராவது பயணம் போகிறார்கள் என்றால் உதவாமல் இருக்க அவரால் முடியாது. கதிரையில் தொங்கிய கோட்டுக்குள் கையை விட்டு ஒரு தேசிக்காயை எடுத்துச் சாரதாவின் முன்னால் வைத்தார்.

"இதை மட்டும் மறக்காமைக் கைப்பையிலை வச்சிருங்கோ. கேக்கிலை கொஞ்சம் கூடிட்டா, வெட்டி உச்சியிலை நல்லாத் தேய்ச்சுவிடோணும். ரெண்டு நாளைக்குத் தலை மணக்கும், மற்றும்படி ஒண்டும் செய்யாது."

சாரதா தேசிக்காயைக் கையில் எடுத்தாள். வாமதேவன் செய்வதைப் போலவே நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோனாள். அதை மேசையில் வைக்க அவளுக்கு நெடுநேரம் எடுத்தது. பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை, என் தலையைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ," என்றாள் மெதுவாக. "அந்த லீல் ஹோட்டல் ஷாம்புக்கு என்ன பேர்?"

கொறற்றி ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வாமதேவன் கையை நீட்டி, மேசையிலிருந்த தேசிக்காயைச் சத்தமில்லாமல் எடுத்து, கோட்டுப் பைக்குள் திரும்பப் போட்டார்.