மூலைப் பையில் கொஞ்சம் அசுவினி

“நான் உயிரோடு இருக்கும்வரை என் மொட்டை மாடியில் ஒரு பூச்சி குடியிருக்க முடியாது!”

பழவங்காடிப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்த கையோடு இப்படிப் பிரகடனம் செய்தவர் வலியசாலை நாகேஸ்வரன், ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. பிள்ளையார் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை. தெரிவித்தவர் மனைவி பத்மஜா அம்மாள். மாடியில் மண் நிரப்பிய பைகளில் பயறு வளர்த்தவர் அவர்தான். மூலைப் பையில் மட்டும், செடியின் சாற்றை உறிஞ்சும் கறுப்பு அசுவினியை வேண்டுமென்றே விட்டுவைத்திருந்தார்.

“பூச்சிக்கு அன்னதானமா நடத்தறே?”

“ஏன்னா, அசுவினி இல்லேன்னா அதைத் தின்ன வர்ற பொறிவண்டு பட்டினி கெடக்காதோ? பறந்துடும். அந்தப் பையை மட்டும் தொடாதேங்கோ, கேட்டேளா?”

மாசியில் அம்மாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். “நான் வர்ற வரைக்கும் பயறைப் பாத்துக்கோங்கோ” என்றார்.

நாகேஸ்வரன் தணிக்கைக் கண்ணோடு பார்த்தார். மூலைப் பையில் கறுப்பும் முள்ளுமாகக் குட்டி முதலைகள் போலச் சில ஜந்துக்கள். முகத்திலேயே குற்றம் எழுதியிருந்தது. மாடி முழுக்க மருந்தடித்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் வெற்றியை விவரித்தார்.

“அது பொறிவண்டோட குஞ்சுன்னா” என்றார் அம்மாள், கண்ணைத் திறக்காமல்.

அதுவே அவர்களுடைய கடைசிச் சண்டை. வழக்கம்போல் அம்மாளே ஜெயித்தார். வீடு திரும்பவில்லை.

காரியங்கள் முடிந்து மாடியேறியபோது, இலையடியில் தப்பிய அசுவினி ராஜ்யம் பிடித்திருந்தது. அதற்குப் பெருகக் கல்யாணம்கூட வேண்டியதில்லை. குட்டி போட்டுக்கொண்டே போகும். பொறிவண்டுக்கோ முட்டை, புழு, கூடு என்று ஏகப்பட்ட சம்பிரதாயம், வரத் தாமதமாகும். அதற்குள் செடிகள் சுருண்டு, ஒரே ஒரு கொடி மிஞ்சியது. பத்மஜா கையால் விதைத்ததில் பூமியில் இனி அது ஒன்றுதான்.

கரமனையில் பயறு போட்டிருந்த சுசீலாபாயிடம் போய் நின்றார். ஒரு டப்பா நிறையக் குட்டி முதலைகள் கிடைத்தன. கொஞ்ச நாளில் கொடி துப்புரவாகிப் பூவும் வைத்தது. ஆனால் வண்டாகிவிட்ட முதலைகள், தின்ன ஏதுமின்றிப் பறக்கத் தொடங்கின. அசுவினியின் அடுத்த படை வந்தால் கொடிக்குக் காவல் இல்லை.

மறுபடியும் கரமனை.

“இப்பம் என்ன சாரே, வண்டு போதாதா?”

“வண்டு இருக்கு. அதுக்குச் சாப்பாடு... கொஞ்சம் அசுவினி கிடைக்குமா?”

“கொல்ல மருந்து கேட்டு வந்தவங்க உண்டு. அசுவினியே கேட்டு வந்தது சாரு மாத்ரந்தான்!” சிரித்த சுசீலாபாய், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு, அசுவினி மொய்த்துக் கறுத்த கொப்பு ஒன்றை ஒடித்துக் கொடுத்தாள்.

நாகேஸ்வரன் வெயிலில் வியர்த்தபடி, குடையைக் கொப்புக்குப் பிடித்துக்கொண்டு வலியசாலைக்கு நடந்தார். மூலைப் பையில் இதற்கென்றே விதைத்திருந்த இளஞ்செடியின்மேல் அதைச் சாய்த்து வைத்தார். ஒவ்வொரு பூச்சியும் இறங்கி இலையில் குடியேறும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.