பூவெளியில் ஒரு சிரமதானம்

போன ஞாயிறு எங்கள் பழைய மாணவர் சங்கத்தின் கோடை ஒன்றுகூடல். இடம், மோர்டன் பக்கத்துப் பெரிய பூங்கா. ஒரு காலத்தில் யாரோ ஆங்கிலப் பிரபுவின் தோட்டம். இப்போது எல்லோருக்கும் பொது. பத்து மணிக்குக் கட்லட் பெட்டியோடு போய் இறங்கினேன்.

பூங்காவின் மூலையில் இடுப்பளவு புல்லும் பூவுமாக ஒரு வெளி. நடுவில் எங்கள் தலைவர் பரமண்ணை நிற்கிறார். கையில் பற்றரியில் ஓடும் புல்வெட்டி. சுற்றிவர இரண்டு பட்மின்ரன் கோர்ட் அளவுக்கு மழித்த தரை. பாயும் விரித்தாயிற்று.

"விடிய ஆறு மணிக்கே வந்திட்டன் தம்பி. ஒரே பத்தையும் புதரும். பிள்ளையள் ஓடித் திரியிற இடம், பூச்சி புழு கிடக்கும். சும்மா சாப்பிட்டுப் போகாமல் பொதுவுக்கு உதவியா ஒரு சிரமதானம் செய்வமெண்டு..."

பக்கத்தில் அறிவித்தல் பலகை இருந்தது. அதையும் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தார். வாசிக்கத்தான் இல்லை.

நான் வாசித்தேன். காட்டுப்பூக்களுக்கென்றே விட்ட வெளியாம். வருடத்தில் ஒரே ஒரு முறைதான் வெட்டுவார்களாம். இந்த மனுசனை என்ன செய்வது?

அந்த வெளியைப் பராமரிக்கும் தொண்டர் ஹெலன் வந்து சேர்ந்தார். அறுபது வயதிருக்கும். சத்தம் போட்டிருந்தாலாவது தாங்கியிருக்கலாம். மண்டியிட்டு, வெட்டுண்ட புல்லைக் கிளறி, வாடிய ஒரு தண்டை எடுத்தார்.

"தேனீ ஆர்க்கிட். நான்கு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த வருடம்தான் முதல் தடவை பூத்தது. விதை விழுந்த பிறகு நாங்களே வெட்டியிருப்போம்" என்றார் ஆங்கிலத்தில்.

பரமண்ணை என் காதுக்குள் கேட்டார்: "வெட்டத்தானே போகினம்? பிறகேன் கவலைப்படுகினம்?"

எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஒரு வார்த்தை கேக்க ஏலாதோ அண்ணை? ஆர் உங்களுக்கு இதைப் பத்தை எண்டு சொன்னது?"

அவர் கோபிக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து மடித்த பத்திரிகைத் துண்டொன்றை எடுத்தார். சாப்பாட்டுக்கு முதல் எல்லோருக்கும் வாசித்துக் காட்டக் கொண்டுவந்தாராம்.

போன வருடம், நீங்கள் வாசிக்கும் இதே பத்திரிகைப் பத்தியில் வந்தது. 'பூங்காவா, பற்றைக்காடா? நம்மவர் நான்கு பேர் இறங்கினால் அரை நாளில் துப்புரவாக்கலாம்...' நீங்களும் ரசித்துக் கடிதம் போட்டீர்களே, அதுதான்.

"நீர்தானே தம்பி எழுதினனீர்" என்றார் பரமண்ணை.

அதில் என்ன இருக்கிறது என்று ஹெலன் கேட்டார். வெட்கத்தை விட்டு, ஒரு வரி விடாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அந்தத் தண்டைக் கையில் வைத்தபடியே கேட்டது ஒன்றுதான்: "எழுதுவதற்கு முன் இங்கே வந்து பார்த்தீர்களா?"

கார் பார்க்கில் நின்று பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது?