கோணல் சட்டையும் ஒற்றை ரெக்கையும்

இன்று காலை டாக்டர் ரூமில் என் வீட்டுக்காரர் "கோவிந்தா!" என்று கத்தினார்.

வெளியே பெஞ்சில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவர்கள்கூட "கோவிந்தா!" என்று பதில் கொடுத்தார்கள். (காஞ்சிபுரம்ங்க. ஒருத்தர் ஆரம்பித்தால் போதும்.)

முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் பிளவுஸ் தைக்கிறவள். முகூர்த்தப் பட்டு எடுக்க இந்த ஊருக்கு வருகிற பாதிப் பேர் என்னிடம் அளவு கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். பதினாறு வருஷத்தில் "அளவு சரியில்லை" என்று ஒரு துணி திரும்பி வந்தது கிடையாது. இதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைக்க மாட்டேன்.

வீட்டுக்காரர் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அவருடைய தலைக்கனம் வேறு. எங்கள் தெருப் பெருமாள் புறப்பாடு என்றால், சுவாமியைத் தோளில் சுமக்கிற வலது பக்கத் தண்டில் இரண்டாவது ஆள் அவர்தான். மற்றவர்கள் பாதி வழியில் தோள் மாற்றிக்கொள்வார்கள். இவர் மாற்ற மாட்டார். "தோள் மாத்தாத ஆளு" என்று யாரோ நாலு பேர் சொன்னதில் மனிதர் மயங்கிக் கிடக்கிறார்.

போன வைகாசி கருட சேவையிலும் அப்படியே சுமந்தார். இறக்கியதும் தோளில் வலி. தைலம் தேய்த்தோம், பத்து நாளில் வலி போனது. அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

அடுத்து ஒரு சொந்தக்காரர் கல்யாணம். ஆசையாக ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். போட்டால் முதுகில் வலது பக்கம் மட்டும் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

"இன்னாமா தெச்சிகீற, கோணலா தூக்கினு நிக்குது?"

என்னைப் பார்த்து!

பிரித்துத் தைத்தேன். அப்போதும் தூக்கல். மறுபடி பிரித்தேன். மூன்றாவது தடவை ரோஷம் வந்து, வலது முதுகுக்கு மட்டும் துணி கூட்டிக் கச்சிதமாக உட்கார வைத்தேன். கல்யாணத்தில் சட்டை நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் நம்பிவிட்டேன்.

புரட்டாசி சனிக்கிழமை கோயிலில் கற்பூரம் காட்டினார்கள். எல்லாரும் தலைக்கு மேல் கை கூப்பினோம். பக்கத்தில் பார்த்தால் இவருக்கு இடது கை மட்டும்தான் மேலே. வலது கை தோளைத் தாண்டவில்லை. யாரும் பார்ப்பதற்குள் இடது கையையும் இறக்கி, நெஞ்சுக்கு நேராகக் கும்பிட்டுக்கொண்டார்.

வெளியே வந்து கேட்டால், ரொம்ப நாளாக இப்படித்தானாம். தலை சீவுவதுகூட இடது கையாலாம். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற எனக்கு அது கண்ணில் படவில்லை.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இஸ்துகினு போவ. அவங்க தூக்கக் கூடாதும்பாங்க. என் எடத்துல வேற ஆள உட்ருவாங்கமா."

கை போய்விடுமோ என்று பயமில்லை. இடம் போய்விடுமோ என்றுதான் பயம்! கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. திங்கட்கிழமையே எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டரம்மா சட்டையைக் கழற்றச் சொல்லி, சுவரை இரண்டு கையாலும் தள்ளச் சொன்னார். தள்ளினார். வலது தோள்பட்டை எலும்பு முதுகை விட்டுத் தனியாக எழும்பி நின்றது. நான் "ஐயோ" என்றேன். இவருக்குத்தான் தன் முதுகு தெரியாதே. போனில் படம் எடுத்துக் காட்டினேன்.

எனக்குப் புரிந்த அளவில் விஷயம் இதுதான். கழுத்திலிருந்து ஒல்லியாக ஒரு நரம்பு விலா ஓரமாக இறங்குகிறது. தோள்பட்டை எலும்பை விலாவோடு சேர்த்துப் பிடித்திருக்கும் தசைக்கு அதுதான் உத்தரவு கொடுக்கிறது. ஒரே தோளில் நெடுநேரம் பாரம் இருந்ததில் நரம்பு நசுங்கி, தசை பிடியை விட்டுவிட்டது. அந்தப் பிடி இல்லாமல் கையை மேலே தூக்க முடியாது. (பிளவுஸில் கொக்கி தெறித்த கதைதான். எனக்கு உடனே புரிந்தது.)

எலும்பு சிறகு மாதிரி எழும்புவதால் இதற்கு 'விங்கிங்' என்று பேராம்.

இவர் போனிலிருந்த படத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார். "கருடனத் தூக்கினேன் மேடம். எனக்கும் ஒரு ரெக்க குட்த்துட்டாரு."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு நியாயம் தெரிய வேண்டியிருந்தது. கழற்றி வைத்த கல்யாணச் சட்டையைக் காட்டி, தையலில் கோணல் உண்டா என்று கேட்டேன்.

"தையல் சுத்தமாதாம்மா இருக்கு. ஆளுதான் கோணல்."

ஃப்ரேம் போட்டு மாட்ட வேண்டிய வார்த்தை!

நரம்பு அறுபடவில்லை, மெதுவாகத் திரும்பும், அதுவரை பாரம் கூடாது, சுவரைத் தள்ளுவதுதான் பயிற்சி என்றார். தினமும் காலையில் இவர் சுவரைத் தள்ளுவார், நான் பின்னால் இன்ச் டேப்போடு நின்று எலும்பு எவ்வளவு எழும்புகிறது என்று அளப்பேன். (என் அளவு நோட்டில் கஸ்டமர் பெயர்களுக்கு நடுவே 'ரெக்கை' என்று ஒரு பக்கம் இருக்கிறது.) தீபாவளிக்கு அளவு மாறவே இல்லை. பொங்கலுக்கு அரை இன்ச் இறங்கியது. இவர் ஆட்டோவில் ஏறிய எல்லாரிடமும் அந்த அரை இன்ச்சைச் சொன்னார்.

இன்று டாக்டரம்மா இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். இரண்டும் ஏறின. தலைக்கு மேல் போய் ஒன்றையொன்று தொட்டன. அப்போதுதான் அந்தக் கோவிந்தா.

இந்த வைகாசிக்குத் தூக்கலாமாம். ஒரே நிபந்தனை, பாதி வழியில் தோள் மாற்ற வேண்டும். ஆறு மாதம் சுவரைத் தள்ளியவருக்கு இந்த ஒரு "சரி"யைச் சொல்லத்தான் அவ்வளவு நேரம் ஆனது.

வீட்டுக்கு வந்ததும் அதே கல்யாணச் சட்டையை எடுத்துப் போட்டார். வலது முதுகில் நான் கூட்டிய துணி தொளதொளவென்று தொங்குகிறது.

கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார், "நான் அப்பவே சொன்னேன்ல? கோணலாதான் தெச்சிகீற."

பதினாறு வருஷத்தில் என்னிடம் திரும்பி வந்த முதல் துணி.

இவ்வளவு சந்தோஷமாக நான் எந்தத் தையலையும் பிரித்ததில்லை.