வேங்கடபதி டப்பெட் பார்த்த கதை

அருப்புக்கோட்டையில் மூன்று தறி வைத்திருந்த வேங்கடபதிக்குத் தன் காதின் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. தெருமுனையில் வரும்போதே எந்தத் தறியில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். அந்தக் காதை நம்பித்தான், எழுபத்தொன்றாம் வருஷம் கார் மெக்கானிக்காகவும் ஆனார். கார், விருதுநகர் வியாபாரி ஒருவர் ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்ட கிழட்டு வண்டி. பட்டறையில் சிரிக்கிறார்கள் என்று வீட்டு வாசலிலேயே வைத்தியம். அவர் பிரேக்கைச் சரிபார்த்தால் ஹாரன் ஊமையாகும். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். மறுநாள் திரும்பவும் ஸ்பானரை எடுப்பார்.

மனைவி வெங்கடலட்சுமி வீட்டுக்குள் தெலுங்குதான் பேசுவாள். தெருவும் கேட்கட்டும் என்று தோன்றினால் தமிழுக்கு மாறுவாள். பந்தல்குடியில் அவள் அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. முந்தின நாள் சாயந்திரம் வாசலில் நின்று தமிழில் சொன்னாள்:

“போன தடவை பாலவனத்தத்துல நிப்பாட்டி, பட்டுச்சேலையோட என்னையத் தள்ள விட்டீக. நாளைக்கும் நடுவழியில நின்னுச்சுன்னா அண்ணன்கிட்ட சொல்லி வண்டிய வித்துப்புடுவேன். அவுக பாளையம்பட்டியில ஆளே பாத்து வச்சிருக்காக.”

“இனிமே நிக்காது. டப்பெட்டுச் சத்தந்தான் கொஞ்சம் இருக்கு. காலையில பாத்துர்றேன்.”

“நிக்காத வண்டியில எதுக்குக் கை வைக்கிறீக?”

நியாயமான கேள்வி. வேங்கடபதி ஸ்பானரைத் தேடப் போனார்.

வால்வின் தலைக்கும் அதைத் தட்டும் டப்பெட் என்கிற இரும்புக்கும் நடுவே மெல்லிய தகடு நுழையும் அளவுக்கு இடைவெளி வேண்டும். கூடினால் ‘டக்டக்’ என்று அடிக்கும். விடிந்ததும் வண்டி முகப்பில் செருகிய ஹாண்டிலைச் சுற்றி, ஒவ்வொரு வால்வும் மூடி நிற்கும் நேரம் பார்த்து, தறி அச்சிலிருந்து உருவிய தகட்டை நுழைத்து அளவு வைத்தார். அதுவரை சரி. ஸ்டார்ட் பண்ணினால் மெல்லிதாக ஒரு ‘டிக் டிக்’ பாக்கி. தெருவே தறிச்சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருக்க, அந்த ‘டிக் டிக்’ அவர் காதுக்கு மட்டும் கேட்டது. தகட்டைத் தூரப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் காதுக்கணக்கில் இறுக்கினார். வண்டி பூனை மாதிரி ஆயிற்று.

“பாத்தியா?” என்றார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

பாதி தூரம் சத்தமே இல்லாமல் போனார்கள். பிறகு வண்டி இழுக்கமாட்டாமல் முக்கியது. ஒரு கருவேல மரத்தடியில், அதுவும் சத்தமே இல்லாமல், நின்றுபோயிற்று.

பானெட்டைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தபோதுதான் உறைத்தது. சூடேறினால் இரும்பு நீளும். அந்த இடைவெளி அதற்குத்தான். இவர் இடமே விடாமல் இறுக்கியதில் வால்வுகள் முழுசாக மூடாமல் எஞ்சினுக்கு மூச்சுப் போய்விட்டது. மத்தியானம் தறியை விட்டு எழும்போது, வெக்கையில் இழை அறுந்துபோகும் என்று பாவு நூலைத் தளர்த்திவிட்டு எழுகிற ஆள் அவர். அடுத்தவருக்கு அதைப் புத்தியாகச் சொல்கிற ஆளும்கூட.

“தளத்தணும்,” என்றார்.

“பெறகு எதுக்கு இறுக்குனீக?”

“சத்தத்துக்கு.”

“காருன்னா சங்கீதமா வரும்?” என்றபடி வெங்கடலட்சுமி இறங்கி வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஹாண்டிலைப் பிடித்தாள். “சொல்லுங்க. சுத்தவா, நிப்பாட்டவா?”

அவள் சுற்ற, அவர் குத்துமதிப்பாகத் தளர்த்தினார். பயத்தில் கொஞ்சம் அதிகமாகவே தளர்த்தினார். எட்டுத் தறி ஒன்றாக ஓடுகிற சத்தத்தோடு வண்டி கிளம்பியது. பந்தல்குடியில் தெருவுக்குள் நுழையும் முன்பே காதுகுத்து வீடு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது.

அவளுடைய அண்ணன் நாகசுப்பிரமணியன் காரைப் பார்த்தார். மாப்பிள்ளையின் சட்டையைப் பார்த்தார்.

“என்ன மாப்ளே, இம்புட்டு நேரம்? வழியில நின்னுருச்சோ?”

வேங்கடபதி ஒப்புக்கொள்ள வாயெடுத்தார்.

“நாந்தாண்ணே நிப்பாட்டச் சொன்னேன்,” என்றாள் வெங்கடலட்சுமி. “வெயிலுக்குக் கிறுகிறுன்னு வந்துச்சு.”

அண்ணன் அவள் முந்தானையில் இருந்த கறுப்பு எண்ணெயைப் பார்த்தார். பாளையம்பட்டி ஆளைப் பற்றியோ விற்பதைப் பற்றியோ பேச்செடுக்கவில்லை.

“பந்தி ஓடுது. கையக் கழுவிட்டு வாங்க, ரெண்டு பேரும்,” என்றார்.