தட்டில் விழுந்த அட்சதை

குஜராத்தில், அங்க்லேஷ்வர் பக்கத்து ஆலையில் உனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஓட்டை பாக்குற வேலை" என்பார் ஜசுமதி. கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்! ஆள் நீளத்துக்கு ஓர் எஃகுத் தட்டு, அதில் எட்டாயிரம் துளை. மேல்பக்கம் புனல் மாதிரி வாய் அகன்று, அடியில் தலைமுடி நுழையும் அளவுக்குக் குறுகியிருக்கும். உருகிய பிளாஸ்டிக் அதன் வழியாக இழை இழையாய் இறங்கி, குளிர்காற்றில் நீண்டு, ஓடும் வலைமேல் படுத்து, சூடான உருளைகளுக்கு நடுவே புகுந்து துணியாக வெளியே வரும். தறியும் கிடையாது, நெசவும் கிடையாது. துளை ஒன்று அடைத்தாலும் இழை அறுந்து சொட்டு விழும், துணி அங்கே கெட்டிப்படும். பிறந்த குழந்தையின் டயப்பருக்குப் போகிற துணி அது.

"பச்சப் பிள்ளை தொடையில உறுத்தாதா?" என்று சொல்லிக்கொண்டே உருப்பெருக்கிக் கண்ணாடியில் குனிந்திருப்பார். பித்தளை ஊசி தவிர வேறெதுவும் தட்டில் படக்கூடாது. எஃகு பட்டால் துளை கீறிப்போகும்; எஃகு ஊசியோடு எவராவது கிட்டே வந்தால் தொலைந்தார்.

கணவர் ரமணிக்லால் இறந்த மூன்றாம் மாதம் வந்து உட்கார்ந்த நாற்காலி. பதினோரு வருஷம் ஆயிற்று. கல்யாணம், சீமந்தம் என்றால் உறவுக்காரர்கள் அவரைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். இங்கேயோ, அக்கா முறையில் பென் சேர்த்து, "ஜசுபென் பாத்தாச்சா?" என்று கேட்காமல் ஒரு தட்டும் மெஷினில் ஏறாது. அந்தக் கேள்விதான் அவரைப் பிடித்து நிறுத்தியிருந்தது என்பேன்.

தசராவன்று மெஷினை நிறுத்திப் பூஜை போட்டார்கள். சாமந்தி மாலை, கடலைமாவில் பொரித்த ஃபாஃப்டா, ஜிலேபி எல்லாம் வந்தன. முதலாளியின் மனைவி ஊர்மிளாபென் தாம்பாளத்தோடு வந்தார். ஆலை நிர்வாகம் அவர் கையில்தான். யாரும் சொல்லுமுன் ஜசுமதி தானாகவே குழாயடிக்கு ஒதுங்கிவிட்டார். வருஷா வருஷம் அப்படித்தான். ஊர்மிளாபென் உருளைக்குப் பொட்டு வைத்தார். மாட்டுவதற்காகக் காத்திருந்த தட்டுக்கும் வைத்து, அதன்மேல் பக்தியோடு அட்சதை தூவினார். மெஷின் ஓட்டுகிற ஹிம்மத்பாய் துணியால் ஒரு துடை துடைத்துத் தட்டை மாட்டினார்.

மறுநாள் காலையிலேயே சொட்ட ஆரம்பித்தது. மூன்று சுருள் துணி பாழாகி மெஷின் நின்றது.

"நல்ல நாளும் அதுவுமா தட்டுல யார் கை பட்டுச்சுன்னு யோசிச்சுப் பாருங்க. நான் ஒண்ணும் சொல்லல," என்றார் ஹிம்மத்பாய், ஜசுமதியின் வெறும் நெற்றியைப் பார்த்தபடி. சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட்டு இப்படி ஒரு முடிப்பு வேறு!

ஊர்மிளாபென் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தப்பா நெனைக்காதீங்க ஜசுபென். நாளையிலேருந்து பேக்கிங்குக்குப் போயிருங்க. தட்டை வேற யாராச்சும் பாக்கட்டும்."

"சரி பென்," என்றார் ஜசுமதி. " இந்த ஒரு தட்ட மட்டும் பாத்துட்டுப் போறேன். ஒட்டின பிளாஸ்டிக்க அடுப்புல வச்சு எரிக்கறதுக்கு முன்னாடி பாக்கணும்."

"பிளாஸ்டிக் அப்பிக் கெடக்கு. அதுல என்னத்தப் பாப்பீங்க?" என்றார் ஹிம்மத்பாய்.

"எங்க சொட்டுச்சோ அங்க பாப்பேன்."

சாயங்காலம் தட்டு ஆறியதும் சொட்டின இடத்தைப் பித்தளை ஊசியால் நெம்பினார். ஒரு புனலின் வாயில் கருகிய துணுக்கு ஒன்று வந்தது. கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தார். கரியாகியும் உருவம் மாறவில்லை. அரிசி! நெம்ப நெம்ப ஏழு அரிசி வந்தது.

வாயை மூடிக்கொண்டால் நாற்காலி போகும். திறந்தால் வேலையே போகலாம், முதலாளியம்மா தூவின அட்சதை ஆயிற்றே. பேக்கிங்கில் உட்கார்ந்து பெட்டிக்கு டேப் ஒட்டும் தன்னை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தார். ஏழையும் வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்துவிட்டு எழுந்தார்.

"நீங்களே வந்து பாருங்க பென்."

ஊர்மிளாபென் குனிந்து பார்த்தார். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"நான் போட்டது," என்றார் மெல்ல. "என் கையால ஆனதுக்கு உங்களத் தள்ளப் பாத்தேனே, ஜசுபென்."

"துடைச்சது நான். மேல கெடந்தது போச்சு, உள்ள விழுந்தது தெரியல," என்றார் ஹிம்மத்பாய்.

தட்டை எரித்து, கழுவி, எட்டாயிரம் துளையையும் ஜசுமதியே பார்த்து முடிக்க இரண்டு நாள் ஆயிற்று. மாட்டின பிறகு மறுபடி பூஜை. தாம்பாளம் வருவதைப் பார்த்ததும் அவர் கால் தானாகக் குழாயடிப் பக்கம் திரும்பியது.

"எங்க போறீங்க? வாங்க. எங்க வைக்கணும்னு தெரிஞ்சவங்க வைக்கட்டும்." ஊர்மிளாபென் தாம்பாளத்தை நீட்டினார்.

"ஐயோ, நான் வைக்கக்கூடாது பென்."

"மெஷின் என்ன கல்யாணப் பொண்ணா, ஆள் பாத்துப் பொட்டு வச்சுக்க?" என்றார் ஹிம்மத்பாய், எங்கோ பார்த்துக்கொண்டு. "வைங்க ஜசுபென், நேரமாகுது."

ஜசுமதி மோதிர விரலைக் குங்குமத்தில் தோய்த்தார். தட்டிலிருந்து தள்ளி, வெளிச் சட்டத்தின் இரும்பில் பொட்டு வைத்தார். கோணலாகத்தான் விழுந்தது. அட்சதை போடவில்லை. பொத்தானை அமுக்கினார்கள். எட்டாயிரம் இழையும் வெள்ளையாய், சொட்டில்லாமல் இறங்கின. அவர் அழுதுகொண்டே பார்த்தார்.

வீடு திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் பக்கத்துப் பெண்மணி பதறிப்போய்க் கேட்டாள். "அடடா, விரல்ல என்ன, ரத்தமா?"

"இல்லம்மா, குங்குமம்," என்றார் ஜசுமதி, ஆட்டோ முழுக்கக் கேட்கும்படி.