எஸ்தோய் தட்டைத் திருப்பிய நாள்

லூசிங்கின் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மூங்கில் தட்டிதான். அதனால் அவள் புருஷன் எஸ்தோயின் வாயை முப்பத்தொரு வருஷமாக நானும் சேர்ந்தே அனுபவிக்கிறேன். சேவலோடு பேசுவான், வானொலியோடு சண்டை போடுவான், தூக்கத்திலும் பேசுவான். அவளோ நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

மதியம் சோற்றுக்கு உட்கார்ந்தால் தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிடுவான். எங்கள் தீவில் எல்லோருமே ஒரு பேச்சுக்குக் கூப்பிடுவோம். அவர்களும் "இப்பத்தான் ஆச்சு" என்று வயிற்றைத் தடவிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். இவன் விடமாட்டான், கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பான். லூசிங் குழம்பில் தண்ணீர் ஊற்றுவாள். எல்லோரும் தின்று முடித்தபின் அவளுக்கு ஆறிப்போன அடிச்சோறு. அவன் கெட்டவனாக இருந்தால் ஊரே அவள் பக்கம் நின்றிருக்கும். நல்லவனாகப் போய்விட்டான், அதுதான் அவள் கெட்ட காலம்.

எங்கள் நாட்டில் விவாகரத்துச் சட்டம் கிடையாது. பாதிரியார் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். அவருக்கென்ன, தனியாகச் சாப்பிடுகிறவர்! போன மாதம் நகரத்திலிருக்கும் அவள் தங்கை தன் வீட்டில் ஓர் அறை தருவதாகச் சொல்லி அனுப்பியதும், லூசிங் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்தாள்.

"மானாங், சத்தமில்லாத எடத்துல உக்காந்து சூடா சோறு திங்கணும். வேற ஒண்ணும் வேணாம்."

மானாங், அதாவது அக்கா, என்று ஆசையாகக் கூப்பிடுகிறவள், என்னிடம் கேட்டதெல்லாம் கட்டிலுக்கடியில் கொஞ்சம் இடம்தான்.

நகரத்துப் படகு நாளுக்கு ஒன்று, மதியம் பன்னிரண்டரைக்கு. சரியாகச் சோற்று வேளை. சாப்பாட்டின் நடுவே யாராவது கிளம்பினால், உட்கார்ந்திருப்பவர்கள் தட்டை ஒரு சுற்றுத் திருப்புவோம், போகிறவர் பத்திரமாகப் போய்ச் சேரட்டும் என்று. எஸ்தோய் கடலுக்குப் போன காலத்தில் லூசிங் ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை. அவன் மட்டும் யாருக்கும் திருப்பமாட்டான். "தட்டைச் சுத்தினா படகு கவுறாதா? அப்ப கடலையே சுத்தி விடுங்க" என்று சிரிப்பான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் இழுத்து உட்கார வைத்தவர்கள் ஐஸ் வண்டிக்காரன், அந்த ஐஸ்காரனின் மச்சான், நான். லூசிங் பரிமாறி முடித்தாள்.

"நான் கெளம்பறேன்" என்றாள்.

பழக்கதோஷம், ஐஸ்காரனும் மச்சானும் தட்டைத் திருப்பினார்கள். நானும் திருப்பினேன்.

"கடைக்கா? அப்படியே வினிகர் வாங்கிட்டு வா! போன தடவை மாதிரி தண்ணியா இருக்கறதை வாங்கிராத, அந்தக் கடைக்காரன்..."

அவள் காலில் ஞாயிற்றுக்கிழமை மாதாகோயிலுக்கு மட்டும் போடும் செருப்பு. அதைப் பார்த்ததும் அவன் பேச்சு பாதியில் நின்றது. இதோ கத்தப்போகிறான், வாசலை மறிக்கப்போகிறான் என்று நினைத்தேன். அவளும் அதற்குத்தான் தயாராக நின்றாள். எஸ்தோய் கருவாட்டைக் கீழே வைத்தான். கையை முழங்காலில் துடைத்துக்கொண்டான். தன் தட்டை மெதுவாக ஒரு முழுச் சுற்றுத் திருப்பினான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அவள் இறங்கி என் வீட்டுக்கு வந்தாள், நானும் பின்னாலேயே ஓடினேன். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை.

"படகு ஊதுதுடி, ஓடு!"

"கத்தியிருந்தா போயிருப்பேன் மானாங். நான் பத்திரமாப் போய்ச் சேரணும்னு நெனச்சுட்டாரே. இனிமே எப்படிப் போறது?"

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அவன் பேசினாலும் மாட்டிக்கிற, பேசாட்டியும் மாட்டிக்கிறியே!"

படகு இன்னொரு தடவை ஊதியது. பிறகு இன்ஜின் சத்தம் தேய்ந்து போயிற்று. அவள் செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டு, பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு தன் வீட்டுக்குப் போனாள்.

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் கம்மிப்போய்க் கேட்டது. "யாருப்பா தெருவுல? வாங்க, வாங்க, சாப்பிடலாம்!"

லூசிங் குழம்பில் தண்ணீர் ஊற்றுவது கேட்டது.