பொருந்திய கட்டை

அப்பா இறந்தபின் அவருடைய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை விற்க நினைத்தேன். வாங்குவதாகச் சொல்லி, பிள்ளையார்பாளையம் வீட்டுக்கு ஒருவர் வந்தார். நரைத்த தலை, மீசைக்கு மட்டும் மை. தொட்ட பாகத்தையெல்லாம் முகர்ந்து பார்த்தார். குழலுக்கு அடியிலிருந்த கட்டையைக் கழற்றி, அதன் இரும்பில் பொறித்திருந்த எண்ணைக் காட்டினார்.

"குழல்ல வேற நம்பர் இருக்குது பாரும்மா. இது இந்தத் துப்பாக்கியோடது இல்ல."

"விலையைக் குறைக்கத்தானே சொல்றீங்க?"

பையிலிருந்து இன்னொரு கட்டையை எடுத்து மாட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது, எண்ணும் ஒன்றே.

"இது உங்ககிட்ட எப்படி?"

"ஒரு தபா உங்கப்பாவும் நானும் ஆளுக்கொரு துப்பாக்கி எடுத்துக்கினு காட்டுக்குப் போனோம்மா. அவசரத்துல கழட்டிப் பூட்டும்போது கட்டை மாறிப்போச்சு."

"என்ன அவசரம்?"

எங்கள் துப்பாக்கியிலிருந்து கழற்றிய தன்னுடைய கட்டையை அவர் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். விலையே பேசவில்லை.

அந்தத் துப்பாக்கியால் சுட்டதே இல்லை என்றுதான் அப்பா கடைசிவரை சொன்னார். இருவரில் யாரைச் சந்தேகப்படுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.